தை அறுவடை வரைக்கும் டிபன்

ஐப்பசி பதினேழு, திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது. விடிய விடியப் பெய்த மழை விட்டிருந்தது. சாரல் மட்டும் ஜன்னல் வழியாக வந்து என் மேசையை நனைத்துக்கொண்டிருந்தது. சாத்தினால் புழுக்கம், திறந்தால் சாரல் என்று நர்ஸ் ஸ்டெல்லாவிடம் நான் மூன்றாவது முறையாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தபோது பதினொன்றாவது டோக்கன் உள்ளே வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருட அரசு வேலையில் பாம்புக்கடி, மஞ்சள் காமாலை, திருவிழாக் கூட்டத்தில் பிரசவம் என்று சொல்ல எவ்வளவோ உண்டு. அவற்றை நீங்களே பார்ப்பீர்கள். நான் எழுத நினைத்தது, ஓய்வு பெற்ற பிறகு மன்னார்குடியில் காலை வேளை மட்டும் நான் உட்காரும் சின்ன கிளினிக்கில் நடந்தது. என்ன மருந்து, எத்தனை சொட்டு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பதினொன்றாவது டோக்கன், ரம்யா என்ற இளம்பெண். வாய்க்கால் முடியும் கடைமடைக் கிராமம். பி.காம். படித்தவர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை, பெயர் யாழினி. சளி என்று வந்திருந்தார்.

குழந்தைகளைப் பார்க்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். ஆறு மாதம் தாண்டிய குழந்தை டாக்டரிடம் முதலில் எட்டிப் பிடிப்பது அதைத்தான். அதுவரை நான்கு கண்ணாடிகள் போயிருந்தன. அன்று சாரல் எரிச்சலில் கழற்ற மறந்து அப்படியே குனிந்துவிட்டேன். யாழினியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் கண்ணாடி. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை எழவே இல்லை.

சளியை மறந்துவிட்டு எடை போடச் சொன்னேன். ஐந்து கிலோ எண்ணூறு. ஆவணியில் காய்ச்சலுக்கு வந்தபோது ஐந்து எழுநூறு இருந்தாள். இரண்டு மாதத்தில் நூறு கிராம். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

தாய்ப்பாலும், வீட்டு மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொஞ்சமும் கொடுப்பதாக ரம்யா சொன்னார். வேறு ஒன்றும் இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். ஆறு மாதம் முடிந்தால் மசித்த உணவு தர வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையா என்று ஸ்டெல்லா கேட்டார்.

"எல்லாம் தெரியும் சிஸ்டர். எங்க மாமா ஒரு வேண்டுதல் வச்சிருக்காரு."

மாமா என்பது அவருடைய மாமனார் கலியமூர்த்தி. வேண்டுதல் இது: பேத்தி வாயில் போகிற முதல் சோறு, தங்கள் சொந்த வயலில் விளைந்த நெல்லாக இருக்க வேண்டும். அதை ஐயனார் முன்னால் படைத்துவிட்டுத்தான் ஊட்ட வேண்டும். அதுவரைக்கும் குழந்தைக்குப் பால் மட்டும்தான்.

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கும் வரும். ஆனால் ரம்யா மேலும் சொன்னதைக் கேட்டபோது கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த குடும்பம். யாழினி பிறப்பதற்கு முந்தின வருடம்தான், மகன் அனுப்பிய பணத்தையும் தன் சேமிப்பையும் போட்டுக் கலியமூர்த்தி மூன்று மா நிலம் வாங்கியிருந்தார். ஒரு ஏக்கர். அவர்கள் பரம்பரையில் முதல் நிலம். பங்குனியில் பேத்தி பிறந்தவுடன் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். குறுவை போட்டால் புரட்டாசிக் கடைசியில் அறுப்பு. குழந்தைக்கும் சரியாக ஆறு மாதம் முடியும். எண்ணிப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஆனால் அந்த வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரக் காலம் கடந்துவிட்டது. குறுவை போடவில்லை. சம்பாதான். அது அறுப்புக்கு வரத் தை ஆகும். தையில் குழந்தைக்குப் பத்து மாதம்.

ரம்யா குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். இனிமேல் மாமா வயலுக்குப் போகிற நேரத்தில் பருப்பும் சோறும் மசித்து இரண்டு வாய் கொடுத்துவிடுவாராம். "நீங்க மட்டும் மாமாகிட்ட சொல்லிடாதீங்க சார்."

சுலபமான வழி. இளம் வயதில் நான் தலையாட்டியிருப்பேன். நீங்களும் ஆட்டுவீர்கள் என்பதால்தான் இந்த இடத்தில் நிற்கிறேன். ஒளித்துக் கொடுக்கிற வீட்டில் குழந்தைக்கு ஒரு புரை ஏறினால், ஒரு வயிற்றுப்போக்கு வந்தால், என்ன கொடுத்தோம் என்று அந்தத் தாயால் வாய் திறந்து சொல்ல முடியாது. சொல்லாமல் வைத்துக்கொள்ளும் அந்த அரை மணி நேரம்தான் நமக்குப் பயம். ஒரு நாள் விஷயம் தெரியவும் வரும். அன்றைக்குப் பெரியவர் மருமகளையும் நம்ப மாட்டார், நம்மையும் நம்ப மாட்டார்.

ரகசியம் வேண்டாம், நாளைக்கு மாமாவையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லி, இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வர மாட்டார்கள் என்று ஸ்டெல்லா பந்தயம் கட்டினார். அன்று ராத்திரி எனக்கும் அந்தக் கவலைதான்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார்கள். கலியமூர்த்திக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். குடையை வெளியே சாய்த்து வைத்துவிட்டு, நான் சொல்லியும் உட்காராமல் நின்றார். வயலைவிட்டு வந்திருக்கிறோம், சொல்வதைச் சீக்கிரம் சொல் என்பதுபோல் நின்றார். நான் எடையைச் சொன்னேன். இரத்தம் குறைவு என்று சொன்னேன். பால் மட்டும் இனி போதாது என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அரிசி வாங்கிக் குடுக்க வக்கில்லாம சொல்லல டாக்டர். எங்கப்பா ஊரான் வயல்ல அறுத்தாரு, நானும் அறுத்தேன். அவங்க அளந்து போட்டதத்தான் தின்னோம். இவ ஒருத்தியாவது எங்க மண்ணுல வெளஞ்சத மொதல்ல திங்கட்டும்."

இதற்கு மேல் சத்து, வளர்ச்சி என்று பேசுவதில் பயன் இல்லை என்று தெரிந்தது. என் கையில் பதில் இல்லாதபோது நான் வேறு எதையாவது கேட்பேன். கெட்ட பழக்கம், ஆனால் சில சமயம் கைகொடுக்கும். அவர் முகம் வாடியிருந்ததால், காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"இன்னும் சாப்பிடலீங்க. வீட்டுக்குப் போயித்தான்."

ரம்யா லேசாகச் சிரித்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு செட்டு பூரி சாப்பிட்டாரு சார். ரெண்டு வாழைப்பழமும்."

"அது டிபன்தானேம்மா," என்றார் கலியமூர்த்தி. "சோறு தின்னாத்தான் சாப்பிட்ட மாதிரி."

இந்த ஜில்லாவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டிலும் அப்படித்தான். நாலு சப்பாத்தி தின்றுவிட்டு ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை என்று என் மனைவியிடம் குறைப்பட்டவன் நான். நெல் விளைகிற ஊரில் சோறு ஒன்றுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவே போய்வருகிற சமாச்சாரம், எண்ணிக்கையில் வராது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஐயனாரிடம் என்ன சொல்லி வேண்டிக்கொண்டீர்கள், சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டேன். மொதச் சோறு எங்க வயல் சோறு என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். பூரி அதில் வருமா என்றேன். வராது என்றார். வாழைப்பழம்? அதுவும் வராது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப தை வரைக்கும் பேத்திக்கு டிபன் குடுங்க," என்றேன். "சோறு உங்க வயல்லேருந்து வரட்டும்."

அவர் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்தது பேரம். ஸ்டெல்லா நல்ல எண்ணத்தில் இட்லியைச் சொன்னார். இட்லியில் அரிசி இருக்கிறதே என்று கலியமூர்த்தி உடனே தள்ளினார். தோசை, இடியாப்பம், பொரி எல்லாம் அவரே முன்வந்து தள்ளினார். கடவுளை ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்து நெய் விட்டு மசித்தது, சரி. உருளைக்கிழங்கு, சரி. வாழைப்பழம், சரி. முட்டை, வீட்டுக் கோழி இருக்கிறது, சரி. கேழ்வரகு என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கூழா? எம் பேத்திக்கா?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. அரிசி கிடைக்காத நாளில் குடித்த கூழ் அது. அதைத் தாண்டி வரத்தான் அந்த மூன்று மா. கேழ்வரகின் பெருமை பற்றி எனக்குப் பத்து நிமிடம் பேசத் தெரியும். பேசவில்லை. வேண்டாம், கேழ்வரகை விட்டுவிடுங்கள் என்றேன். நமக்கு வேண்டியது குழந்தை வாய் திறப்பது. எதற்குத் திறக்கிறது என்பதில் வீட்டுக்காரர்களுக்கு விட்டுக்கொடுக்க நிறைய இடம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து நாள் கழித்து எடை போடுவோம், ஏறவில்லை என்றால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பேன், அங்கே சோறு கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். சரி என்று தலையசைத்தார்.

ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது போன். ரம்யா. பின்னால் ஒரே கூச்சல். குழந்தைக்கு வாழைப்பழம் தொண்டையில் சிக்கி முகம் சிவந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வருகிறது என்றார்.

"அழறாளா? சத்தம் வருதா?"

"கத்துறா சார். ரொம்பக் கத்துறா."

"நல்லா கத்தட்டும். சத்தம் வந்தா மூச்சு போகுதுன்னு அர்த்தம்மா. வாய்க்குள்ள விரல விடாதீங்க. நிமித்தி உட்கார வச்சுப் பிடிச்சுக்குங்க."

போனை வைக்காதீர்கள் என்று சொல்லி, எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தேன். சத்தம் நின்றால் குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகில் எப்படித் தட்டுவது என்று எந்த வார்த்தையில் சொல்வது, மன்னார்குடியிலிருந்து ஆம்புலன்ஸ் போக எத்தனை நிமிடம் என்று மனசுக்குள் ஓடியது. சத்தம் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒரு துண்டைத் துப்பிவிட்டது. அழுகை சிணுங்கலாக மாறுவது எனக்கே கேட்டது. அப்போது போனைக் கலியமூர்த்தி வாங்கினார்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன். புட்டு வாய்ல வச்சேன்." மூச்சு வாங்கினார். "ஐயனாருக்குப் பிடிக்கல போலருக்கு. தை வரைக்கும் வேணாம், விட்ருவோம்."

இந்த இடம்தான் உங்களுக்கு முக்கியம். கடவுளைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை, படிப்பும் இல்லை. அவர் பயத்தைக் கேலி செய்யவும் கூடாது. என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னேன். துண்டு பெரிது, குழந்தைக்குப் பல் இல்லை, நாக்கு இன்னும் பழகவில்லை, அதனால் வெளியே தள்ளியது. தள்ளத் தெரிந்தது நல்ல அடையாளம். கையால் நன்றாக மசித்துக் கொடுங்கள், அதையும் இன்று சாயந்தரமே கொடுங்கள், நீங்களே கொடுங்கள் என்றேன். நாளைக்கு என்று தள்ளியிருந்தால் பயம் அந்த வீட்டில் குடியேறியிருக்கும். அப்புறம் அதைக் கிளப்ப என்னால் ஆகாது.

நான் உட்கார்ந்தபோது ரசம்சோறு ஆறிப்போயிருந்தது. ரகசியமாக ஊட்டியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே தின்றேன். சாயந்தரம் ஆறரைக்கு ரம்யா ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மூக்கு வரைக்கும் வாழைப்பழம் அப்பிய ஒரு முகம், அதற்கு முன்னால் நீண்டிருக்கும் காய்த்துப்போன ஒரு விரல்.

பத்தாம் நாள் எடை ஐந்து கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. மெஷினில் கோளாறு இருக்கும் என்று இரண்டாவது முறையும் போடச் சொன்னேன். அதேதான். தஞ்சாவூருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகையில் அடை மழை. வடிகால் நிரம்பி, கடைமடை வயல்களில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. அந்த வாரம் எடை போடும் நாளில் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். கலியமூர்த்தியே பேத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ரம்யா பின்னால் குடையோடு. பெரியவருக்கு முழங்கால் வரை சேறு. அப்போதும் ஒரு செய்தி சொன்னார்: கேழ்வரகையும் ஆரம்பித்துவிட்டார்களாம். "கூழா இல்ல டாக்டர். கருப்பட்டி கிருப்பட்டி போடாம நெய் விட்டு அல்வா மாதிரி கெட்டியா கிண்டச் சொன்னேன். அள்ளித் திங்கறா." நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்திருப்பேன்.

பிறகு அவர், பயிர் முழுகிப் போனால் வேண்டுதலை என்ன செய்வது என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. நீங்கள் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா எடையைப் படித்தார்: ஆறு கிலோ நானூறு. கலியமூர்த்தி மெஷினில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ நின்னுட்டா. பயிரு நிக்குதான்னு பாப்போம்."

பயிர் பாதி நின்றது. தை இருபதுக்கு மேல் ஒரு நாள், காலையில் ஐயனார் கோயிலுக்கு எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அழைப்பு. மூன்று மாவில் ஒன்றரை மா மட்டும்தான் தேறியது என்றார்கள். கதிர் அறுக்கும் மெஷின் மற்றவர்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி மட்டும் கோயிலை ஒட்டிய மூலையில் கொஞ்சம் கையால் அறுத்து, அடித்து, காயவைத்து, குத்தி, ஒரு படி அரிசி எடுத்திருந்தார். புது அரிசி குழந்தைக்குச் செரிக்குமா, இன்னும் குழைய விட்டிருக்கலாமோ, கோயில் தண்ணீர் காய்ச்சியதா என்று எனக்கு வரிசையாகக் கவலைகள். ஸ்டெல்லா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "சார், இன்னைக்கு நீங்க விருந்தாளி," என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

படைத்து முடித்து, கலியமூர்த்தி சப்பணமிட்டு உட்கார்ந்தார். சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோ காலில் இருந்தார். ரம்யா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெரியவர் நெய்யும் பருப்பும் விட்டு மசித்த சோற்றை விரல் நுனியில் எடுத்துப் பேத்தியின் வாயில் வைத்தார்.  யாழினி வாங்கினாள். நாக்கால் ஒரு தடவை புரட்டினாள். அப்படியே வெளியே தள்ளிவிட்டாள்.

 கலியமூர்த்திதான் முதலில் சிரித்தார். "டிபன் தின்னு பழகிட்டா கழுத," என்றார். கூட்டமே சிரித்தது. போனுக்குள் மகனும் சிரித்தார். இரண்டாவது வாயை அவள் விழுங்கினாள். மூன்றாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெயில் என்றார். அப்போது மணி ஏழே முக்கால்.

பிறகு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். முந்தின நாள் கிளினிக்கில் எடை போட்டிருந்தேன், ஏழு கிலோ இருநூறு. இருந்தாலும் கையால் தூக்கிப் பார்க்கிற ஆசை யாருக்கும் உண்டு. இமையை இழுத்துப் பார்க்கக் குனிந்தேன். உள்ளே நல்ல சிவப்பு. விருந்தாளி என்று சொல்லிவிட்டார்களே, அந்த நினைப்பில் வழக்கத்தை மறந்துவிட்டேன். நெய்ச்சோறு ஒட்டிய ஒரு சின்னக் கை மின்னல் மாதிரி வந்து என் கண்ணாடியைப் பிடித்தது. நான் இழுத்தேன். அவளும் இழுத்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. காதில் மாட்டுகிற கம்பி அவள் கையோடு போயிற்று. மீதி கீழே கருங்கல்லில் விழுந்தது.

கலியமூர்த்தி பதறிப்போய்த் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது ஐந்தாவது கண்ணாடி. லென்ஸும் பிரேமும் சேர்த்து, மன்னார்குடிக் கடையில் பேரம் பேசியும் குறைக்காமல், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.